53 வயதில் இறால் பகையாகுமா? நெல்லைப் பக்கம் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

பாளை இரும்புக்கடை | திங்கள், இரவு 10.15

வணக்கம். பாளையங்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். வயது 53. பிறந்தது திசையன்விளைப் பக்கம் என்பதால் பால்குடி மறந்த நாள் முதல் மீனும் இறாலும் நண்டும்தான். இன்றுவரை எந்தச் சாப்பாடும் என்னை ஒன்றும் செய்ததில்லை. கல்யாண வீட்டில் மற்றவர்களுக்கு வயிறு கெட்டாலும் எனக்குக் கெடாது. அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

சென்ற வியாழக்கிழமை மைத்துனர் உவரியிலிருந்து இறால் கொண்டுவந்தார். காலையில் பிடித்தது, ஐஸ் போட்டு வந்தது. வீட்டில் தொக்கு வைத்தார்கள். கடையில் வாங்கிய நான்கு புரோட்டாவோடு எட்டரை மணிக்குச் சாப்பிட்டேன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று மருத்துவர் எச்சரித்ததால், இரண்டு மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வ.உ.சி. மைதானத்துப் பக்கம் வேகமாக நடந்துவருகிறேன். அன்றும் போனேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், உள்ளங்கை அரித்தது. கொசு என்று நினைத்தேன். பிறகு அக்குள், தொடை, உச்சந்தலை. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிறெல்லாம் தோசை தோசையாகத் தடிப்பு. உதடு கனத்தது. தொண்டையில் முடிச்சு விழுந்தது போல் இருந்தது. கண் இருட்டிக்கொண்டு வர, பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இளநீர்க்காரர் ஒருவர் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட்டார்கள். "இறால் சேரவில்லை, இனிமேல் தொடாதீர்கள்" என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. என் கேள்வி ஒன்றுதான். ஐம்பது வருடம் சேர்ந்தது ஒரே நாளில் எப்படிச் சேராமல் போகும்?

கருப்பட்டிக் காப்பி | திங்கள், இரவு 10.48

தம்பி, அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்கள் பக்கம் இதற்குப் பெயர் காணாக்கடி. எது கடித்தது என்று கண்ணால் காணாததால் அந்தப் பெயர். இறால், நண்டு, கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம். உடம்பில் சூடு ஏறியிருக்கும் நேரத்தில் தின்றால் தோலில் கிளம்பும். வெற்றிலையில் மிளகு வைத்து மென்று சாற்றை விழுங்குங்கள். பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆடி கழியும்வரை பத்தியம் இருங்கள்.

பேட்டை செவிலி | செவ்வாய், காலை 6.20

அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. இரவுப் பணி முடிந்து வந்து இதைப் படித்ததும் பதறிவிட்டேன்.

தடிப்பு தோலோடு நின்றால் காணாக்கடி என்று சொல்லிவிட்டுப் போகலாம். அண்ணாச்சிக்கு உதடு வீங்கியிருக்கிறது, தொண்டை இறுகியிருக்கிறது, கண் இருட்டியிருக்கிறது. அதாவது ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. இதற்குப் பெயர் அனபிலாக்சிஸ், உடம்பு முழுவதையும் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய ஒவ்வாமை. வீங்குகிற தொண்டைக்குள் மிளகுச் சாறு போனால் புரையேறும். அந்த நேரத்தில் வாய்வழியாக எதுவுமே கொடுக்கக் கூடாது.

அண்ணாச்சி, என்ன ஊசி போட்டார்கள்? சீட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பாளை இரும்புக்கடை | செவ்வாய், காலை 9.05

சீட்டில் ஏவில், டெக்சா என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

பேட்டை செவிலி | செவ்வாய், காலை 9.11

ஏவில் அரிப்புக்கு, டெக்சா ஸ்டீராய்டு. அட்ரினலின் போடவில்லையா!

உவரிக்காரன் | செவ்வாய், மாலை 4.30

இறாலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். அதன் சார்பில் நான் பேசுகிறேன். மூன்று தலைமுறையாகக் கடல் தொழில், நான் இப்போது மீன் வியாபாரம்.

சாப்பிட்டதும் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலித்தால் அது எப்போதும் அலர்ஜி ஆகிவிடாது. சூரை, அயிலை, சாளை இந்த மூன்றையும் ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டுவிட்டால் கிருமி வளர்ந்து, அரிப்பையும் சிவப்பையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் சேர்ந்துவிடும். மீன் நாறாது, பார்க்கவும் நன்றாக இருக்கும். சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அதைத் தின்ற பந்தியில் நாலைந்து பேருக்காவது ஒரே நேரத்தில் முகம் சிவக்கும். எல்லோரும் "எனக்கு மீன் சேராது" என்று முடிவு கட்டி வாழ்நாள் முழுக்க மீனை விட்டுவிடுவார்கள். குற்றம் மீனுடையது அல்ல, ஐஸ் போடாதவனுடையது.

ஆனால் அண்ணாச்சி, இறாலில் அந்தச் சிக்கல் வருவதில்லை. வீட்டில் மற்றவர்கள் அதே தொக்கைச் சாப்பிட்டார்களா?

பாளை இரும்புக்கடை | செவ்வாய், இரவு 9.50

மனைவி, மகன், மைத்துனர் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

தாமிரபரணி மருத்துவர் | புதன், இரவு 11.20

பொது மருத்துவன். ஒவ்வாமை நிபுணன் அல்லன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன்.

"ஐம்பது வருடம் ஒன்றும் செய்யவில்லையே" என்ற கேள்வியில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. முன்பே பழக்கமான பொருள் பகையாகாது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் முன்பே பழகாத பொருள்தான் பகையாவது அரிது. உடம்பு ஒரு புரதத்தை முதலில் சந்தித்து, அதற்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து, மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டி வைக்க வேண்டும். அடுத்த முறை அதே புரதம் வரும்போதுதான் அந்தச் செல்கள் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். இந்தத் தயாரிப்பு ஐந்து வயதிலும் நடக்கலாம், ஐம்பதிலும் நடக்கலாம்.

உவரிக்காரருக்குப் பிடித்த கதை ஒன்று. பிரான்ஸின் ரிஷே, போர்த்தியே என்ற இரு ஆய்வாளர்கள் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் போனபோது கடலில் மிதக்கும் சொறி வகை ஒன்றின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். ஊர் திரும்பியதும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்திப் பழக்கினால் அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி வரும் என்று எதிர்பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய்க்குச் சில வாரம் கழித்து மீண்டும் சிறிதளவு போட்டபோது அரை மணிக்குள் செத்தது. பழக்கம் காக்கும் என்று போனவர்கள் பழக்கம் கொல்வதைக் கண்டார்கள். 1902-இல் அதற்கு அனபிலாக்சிஸ் என்று பெயரிட்டார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அமெரிக்காவில் 40,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் விசாரித்து 2019-இல் வெளியான ஆய்வில், தங்களுக்கு உணவு ஒவ்வாமை உண்டு என்று சொன்னவர்கள் 19 சதவீதம். அறிகுறிகளைச் சலித்துப் பார்த்ததில் தேறியவர்கள் 10.8 சதவீதம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதாவது ஓர் உணவாவது வயதுவந்த பிறகுதான் பகையாகியிருக்கிறது. முதலிடம் இறால், நண்டு, சிப்பி வகைக்கு. ஆகவே அண்ணாச்சி சொல்வது உலக அதிசயம் இல்லை.

இறாலில் வினை செய்யும் முக்கியப் புரதம் டிரோபோமயோசின். கொதிக்கவைத்தாலும் அழியாது. இதே குடும்பப் புரதம் கரப்பான் பூச்சியிலும், தலையணைத் தூசியில் வாழும் உண்ணிகளிலும் இருக்கிறது. தூசி உண்ணிக்கு மூக்கடைத்துத் தும்முகிறவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் இறால் பகையாவதற்கு இந்த ஒற்றுமையைக் காரணமாகச் சொல்கிறார்கள். மீனில் வினை செய்வது பார்வல்புமின் என்ற வேறு புரதம். இறால் சேராதவர் மீனைச் சாப்பிடுவதற்கு பொதுவாகத் தடையில்லை.

இனி முக்கியமானது. ஏவில் அரிப்பைத் தணிக்கும், உயிரைக் காக்காது. அனபிலாக்சிஸுக்கு முதல் மருந்து அட்ரினலின். பெரியவர்களுக்கு வழக்கமாக 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும், எழுப்பி நடத்தக் கூடாது. மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்காரவைக்கலாம். தணிந்த பிறகும் சில மணி நேரம் கண்காணிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் அலை வரக்கூடும்.

அண்ணாச்சி, சரிபார்க்கிறேன் என்று வீட்டில் ஒற்றை இறாலைத் தின்று பார்த்துவிடாதீர்கள்.

தென்காசிச் சாரல் | வியாழன், காலை 7.40

மருத்துவர் ஐயா, கரப்பான் பூச்சியிலும் அதே புரதம் என்றால் ஈசலில்? புது மழைக்கு ஈசல் பிடித்து, வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து தின்கிற ஊர் எங்களுடையது.

தாமிரபரணி மருத்துவர் | வியாழன், காலை 8.02

பூச்சி இனம் முழுக்க அந்தப் புரதம் உண்டு. இறால் சேராதவர்கள் ஈசலைத் தவிர்ப்பது நல்லது.

கருப்பட்டிக் காப்பி | வியாழன், காலை 8.30

கரப்பான் பூச்சியும் இறாலும் ஒரே சாதி என்று மருத்துவரே சொல்லிவிட்டார். கரப்பான் பண்டம் என்று நான் சொன்னபோது மட்டும் பேட்டைப் பெண்ணுக்குக் கோபம் வந்தது.

பேட்டை செவிலி | வியாழன், பகல் 1.15

அக்கா, கரப்பான் என்று நம் ஊரில் சொல்வது தோல் நோயை. பூச்சியை அல்ல! ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். இறாலும் நண்டும் தோலில் கிளப்பும் என்று பார்த்து வைத்தவர்களின் கண் கூர்மையானதுதான். பட்டியலை நம்புகிறேன், வைத்தியத்தை நம்பவில்லை.

எனக்கே இப்படி ஒன்று நேர்ந்தது. 12 வருடம் ரப்பர் கையுறை போட்டு வேலை செய்தேன். முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. சோப்பு சேரவில்லை என்று சோப்பை மாற்றினேன். 36 வயதில் ஒரு நாள் ஏத்தம்பழம் அவித்துச் சாப்பிட்டதும் நாக்கும் அண்ணமும் அரித்து, குரல் கம்மிவிட்டது. வாழைக்கும் ரப்பர் பாலுக்கும் என்ன உறவு என்று சிரித்தேன். உறவு இருக்கிறது. ரப்பர் பாலிலுள்ள சில புரதங்களின் சாயல் வாழை, பப்பாளி, கிவி, வெண்ணெய்ப் பழம் போன்றவற்றில் உண்டு. கையுறை என்னைத் தயார் செய்தது, பழம் மாட்டிவிட்டது. இப்போது ரப்பர் பால் கலக்காத நைட்ரைல் கையுறை. பல் மருத்துவரிடம் போனால்கூட முதலில் கையுறை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். குமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் எடுப்பவர்களும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வளைகுடா நெல்லையான் | வெள்ளி, இரவு 12.30

அண்ணாச்சி, ஊர் வந்திருந்தபோது எனக்கும் உடம்பு அரித்தது. ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்தேன். 150 உணவுக்கு ஒரே சோதனை. பல ஆயிரம் ரூபாய். அரிசி, துவரை, தேங்காய், புளி, பால், முட்டை, எள் உட்பட 41 பொருள் சேராது என்று வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொடுத்தார்கள். தேங்காயும் புளியும் இல்லாமல் திருநெல்வேலிக்காரன் என்ன சாப்பிடுவான்? ஆறு மாதம் கஞ்சியும் பயறும். 11 கிலோ இளைத்தேன். அரிப்பு அப்படியே இருந்தது. நீங்களும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன், எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது.

தாமிரபரணி மருத்துவர் | வெள்ளி, காலை 7.15

சந்தேகப்பட்டது நல்லது. அந்தத் தாளில் ஐஜிஜி என்று இருக்கிறதா பாருங்கள். நான் முன்பு சொன்ன ஐஜிஇ வேறு, இது வேறு எதிர்ப்புப் புரதம். ஐஜிஜி என்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான தடயம், அவ்வளவுதான். நீங்கள் தினமும் அரிசி சாப்பிடுகிறவர் என்பதைக் கண்டுபிடிக்க அவ்வளவு பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

ஐஜிஇ சோதனையையும் தனியாக நம்ப முடியாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஆய்வில், 26.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ ரத்தத்தில் இருந்தது. அதோடு பொருந்தும் அறிகுறியும் இருந்தவர்கள் 1.2 சதவீதம் மட்டுமே. ரத்தத்தில் ஐஜிஇ இருப்பவர்களை எல்லாம் பத்தியத்தில் போட்டால் நாட்டில் கால்வாசிப் பேர் பட்டினி கிடப்பார்கள். முதலில் கதை, பிறகு சோதனை. என்ன சாப்பிட்டோம், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது, அன்று வேறு என்ன செய்தோம். இதைக் கேட்காமல் ரத்தம் எடுப்பவரிடம் கையை நீட்டாதீர்கள்.

பாளை இரும்புக்கடை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.00

மீண்டும் வந்துவிட்டது. இந்த முறை 108-இல் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனதும் தொடையில் அட்ரினலின் போட்டார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊசி போட்டுச் சில நிமிடத்தில் தொண்டைக் கயிற்றை யாரோ அவிழ்த்துவிட்டது போல் இருந்தது. இரவு முழுக்க வைத்திருந்து காலையில் விட்டார்கள்.

குழப்பம் என்னவென்றால், நான் இறாலைத் தொடவே இல்லை. நேற்று கடையில் சரக்கு இறங்கியது, வீடு போக நேரமாகிவிட்டது. புரோட்டா, கோழிச் சால்னா சாப்பிட்டுவிட்டு அப்படியே நடைக்குப் போனேன். இருபது நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. இந்த முறை கொசு என்று நினைக்கவில்லை, உடனே மகனுக்குப் போன் செய்தேன். அந்தக் கடையில் இறாலும் பொரிக்கிறார்கள். அதே எண்ணெய், அதே கரண்டி. அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உவரிக்காரன் | ஞாயிறு, பகல் 12.10

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி. எண்ணெயில் கலந்திருக்கவும் கூடும், ஆனாலும் எனக்கு இடிக்கிறது. இடைப்பட்ட மூன்று வாரத்தில் இறால் வாசனையே இல்லாமல் இருந்தீர்களா? வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள்.

பாளை இரும்புக்கடை | ஞாயிறு, மாலை 6.45

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு இறக்கும்போது கூனிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து ஒரு கரண்டி போடுவது வழக்கம். வடக்கே சென்னாகுனி என்பார்களே, அந்தப் பொடி இறால். மனைவி அதை இறால் கணக்கில் சேர்க்கவில்லை. "அது கருவாடுதானே" என்கிறார். மூன்று வாரத்தில் நான்கு முறையாவது அந்தக் குழம்பைச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு தடிப்புகூட வரவில்லை.

உவரிக்காரன் | ஞாயிறு, மாலை 6.58

இறால் விடுதலை!

பொடியாக உள்ளே போன இறால் நான்கு முறை ஒன்றும் செய்யவில்லை. கரண்டியில் ஒட்டியிருந்த இறால் மட்டும் ஆளைக் கீழே தள்ளுமா? இரண்டு நாளிலும் தட்டில் இருந்தது என்ன என்று மேலே போய் நீங்களே படியுங்கள். புரோட்டா.

பாளை இரும்புக்கடை | ஞாயிறு, இரவு 7.30

தம்பி, மூளைக்கு வேலை கொடுத்துப் பேசுங்கள். சர்க்கரைக்காகத் தினமும் காலையில் மூன்று சப்பாத்தி சாப்பிடுகிறேன். கடைக்கு யார் வந்தாலும் அல்வா வாங்கிக் கொடுத்துவிட்டு, மருத்துவருக்குத் தெரியாமல் நானும் ஒரு வாய் போட்டுக்கொள்வேன். அல்வா என்ன, கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்துக் கிண்டுவதுதானே? கோதுமை ஆகாது என்றால் நான் தினம் தினம் விழ வேண்டாமா?

கருப்பட்டிக் காப்பி | ஞாயிறு, இரவு 8.10

எனக்கும் தம்பி சொல்வதுதான் நியாயமாகப் படுகிறது. மைதா கெடுதல் என்பது வேறு, அதற்காக ஆளை மயக்கம் போட வைக்குமா?

பேட்டை செவிலி | ஞாயிறு, இரவு 9.25

அண்ணாச்சி, ஒன்று கேட்க விட்டுவிட்டோம். நீங்கள் அன்றாடம் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்? அந்த இரண்டு நாளும் கூடுதலாக ஏதாவது?

பாளை இரும்புக்கடை | ஞாயிறு, இரவு 9.40

அன்றாடம் ஒன்றும் இல்லை. நடை ஆரம்பித்ததிலிருந்து முட்டுவலி. தாங்க முடியாத நாளில் மருந்துக் கடையில் கேட்டு ஒரு டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு நடப்பேன். நேற்று சரக்கு தூக்கியதால் போட்டேன். அந்த வியாழக்கிழமை... போட்டேன் என்றுதான் மனைவி சொல்கிறார். எனக்கு நினைவில்லை.

தாமிரபரணி மருத்துவர் | திங்கள், காலை 6.50

உவரிக்காரருக்கும் செவிலிக்கும் வணக்கம். நான் முதல் பதிவிலேயே இறாலைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்திவிட்டேன். "அன்று வேறு என்ன செய்தோம்" என்று வளைகுடாத் தம்பிக்கு எழுதியவன், அதை அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

உடலுழைப்போடு சேர்ந்தால் மட்டும் வெடிக்கும் கோதுமை ஒவ்வாமை ஒன்று இருக்கிறது. கோதுமை தனியாக ஒன்றும் செய்யாது. நடை தனியாக ஒன்றும் செய்யாது. கோதுமை வயிற்றில் இருக்கும்போது ஓடினால், வேகமாக நடந்தால், மூட்டை தூக்கினால், அப்போது அனபிலாக்சிஸ். கோதுமைப் பசையிலுள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம்தான் பெரும்பாலும் காரணம். உழைப்பின்போது குடல் வழியாக அந்தப் புரதம் கூடுதலாக ரத்தத்தில் கலப்பதாக விளக்குகிறார்கள். ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையும் மதுவும் இதே வேலையைச் செய்யும். சிலருக்கு மாத்திரையும் புரோட்டாவும் போதும், நடக்கவே வேண்டாம். இது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது.

இப்போது அண்ணாச்சியின் நாளைப் பாருங்கள். காலையில் சப்பாத்தி, பிறகு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் ஆவதில்லை. இரவு வழக்கமாக என்ன சாப்பிடுவீர்கள்? இட்லி, தோசை என்று ஊகிக்கிறேன். சாப்பிட்டு நடக்கிறீர்கள், ஒன்றும் ஆவதில்லை. புரோட்டாவும் நடையும் மாத்திரையும் ஒரே இரவில் கூடிய நாள் இரண்டுதான். ஐம்பது வருடமாகச் சாப்பாடு மாறவில்லை. ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் நடக்க ஆரம்பித்தீர்கள்.

இது என் ஊகம். ஒவ்வாமை மருத்துவரிடம் போய் இந்தக் கதையை அப்படியே சொல்லுங்கள். தோல் சோதனைக்கு முன் ஏறக்குறைய ஒரு வாரம் செட்ரிசின் போன்ற அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், இல்லையென்றால் தோல் பொய் சொல்லும். அதுவரை கோதுமையும் வேண்டாம், வலி மாத்திரையும் வேண்டாம், இறாலும் வேண்டாம்.

பாளை இரும்புக்கடை | திங்கள், காலை 7.30

இட்லிதான். வியாழனும் சனியும் தோசை.

வளைகுடா நெல்லையான் | திங்கள், இரவு 11.55

150 உணவுச் சோதனையில் எனக்குக் கோதுமை சேரும் என்று பச்சை நிறத்தில் இருந்தது. அதை நம்பலாமா? சும்மா கேட்கிறேன். தேங்காயை மீண்டும் சேர்த்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆறு மாதம் கழித்துச் சொதி சாப்பிட்டபோது அழுகை வந்தது.

பாளை இரும்புக்கடை | ஐந்து வாரம் கழித்து, புதன், இரவு 9.15

தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போய் ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு ஊசி முனையால் தொட்டார்கள். இறாலுக்கு ஒன்றும் எழும்பவில்லை. நண்டுக்கும் இல்லை. கோதுமைக்கு லேசாக ஒரு கொசுக்கடி அளவு எழும்பியது. அது போதாது என்று ரத்தம் எடுத்து ஒமேகா-5 கிளையடினுக்கு அனுப்பினார். முடிவு வந்தது. மருத்துவர் ஐயா ஊகித்தது சரி.

வேப்பங்காயைத் தின்றவன் முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "இறாலை இன்றைக்கே சாப்பிடலாம்" என்றார்.

எனக்குச் சொன்னவை: இரவில் கோதுமை கூடாது. எப்போது சாப்பிட்டாலும் முன்னும் பின்னும் குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டம், நடை, மூட்டை தூக்குவது எதுவும் கூடாது. முடிந்தால் முழுக்கவே விட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் கடையில் எப்போது சரக்கு இறங்கும் என்று எனக்கே தெரியாது. முட்டுவலிக்கு வேறு மாத்திரை எழுதினார். மேலை நாட்டில் பேனா வடிவில் அட்ரினலின் விற்கிறார்களாம், இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்பூலும் ஊசியும் எழுதிக் கொடுத்து, எப்படி உறிஞ்சுவது, எங்கே போடுவது என்று மகனுக்கும் கடைப் பையனுக்கும் வெறும் தண்ணீரை வைத்துப் பழக்கினார். கடைப் பையன் முதல் முறை ஆரஞ்சுப் பழத்தில் குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டான். இரண்டாம் முறை பழகிவிட்டது.

நடையைக் காலைக்கு மாற்றிவிட்டேன், வெறும் வயிற்றில்.

கல்லிடை அப்பளம் | வியாழன், காலை 10.05

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அண்ணாச்சி, கோதுமையை முழுக்க விடுவதாக இருந்தால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவும் சேர்த்துச் செய்வது. ஒரு சிட்டிகை உங்களை என்ன செய்யும் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், ஆனால் இருப்பது தெரிய வேண்டும். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி கோதுமை, இறால் வகை, பால், முட்டை, மீன், கடலை, கொட்டை, சோயா ஆகியவை இருந்தால் பொட்டலத்தில் எழுத வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல் இல்லாமல் இலை போடாத ஊரில், எள் சேராதவர்கள் தாங்களேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கருப்பட்டிக் காப்பி | வியாழன், பகல் 3.20

தம்பி, நல்லபடியாக முடிந்ததே, சந்தோஷம். ஆடி வரைக்கும் பத்தியம் என்று சொன்னேன். நீங்கள் அதற்கும் மேலே போய்விட்டீர்கள். மிளகைப் பற்றி இனிப் பேசவில்லை. கேழ்வரகுப் புட்டுக்குச் செய்முறை வேண்டுமென்றால் கேளுங்கள்.

பாளை இரும்புக்கடை | வியாழன், இரவு 10.40

கண்டிப்பாக அனுப்புங்கள் அக்கா.

நேற்று ஒவ்வாமை மருத்துவர் சொன்னபடி, மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊசிப் பையை மேசையில் வைத்துக்கொண்டு, இறால் தொக்கோடு சோறு சாப்பிட்டேன். உவரிக்காரத் தம்பி அனுப்பிய இறால். அனைவரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரத்தில் மூக்கு ஒழுகியதற்கு மனைவி பயந்து எழுந்துவிட்டார். வேறு ஒன்றும் இல்லை.

நடத்துநருக்கு ஒரு வேண்டுகோள். இந்த இழையின் தலைப்பில் இறால் என்று இருப்பதைப் புரோட்டா என்று மாற்ற முடியுமா? தேடி வருகிறவர்கள் தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள்.

நடத்துநர் | வெள்ளி, காலை 8.00

பதிவிட்டு ஒரு மாதம் கடந்த தலைப்பை மாற்றும் வசதி இங்கே இல்லை. மன்னிக்கவும்.

உவரிக்காரன் | வெள்ளி, காலை 8.04

பார்த்தீர்களா அண்ணாச்சி, இறாலுக்கு மேல்முறையீடே கிடையாது.